சான்றிதழுக்கு முந்திய காகிதம்

தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடிச் சாலை என்று மூன்று புறம் தமிழ்நாட்டாலும் ஒரு புறம் கடலாலும் சூழப்பட்டு, தலைநகரான புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் விலகிக் கிடக்கும் காரைக்கால் பிரதேசத்து ஜனங்கள், வியாதி வந்த வேளையில் ஆஸ்பத்திரி எந்த அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. எது கிட்டே இருக்கிறதோ, எந்த வைத்தியர் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்திருக்கிறாரோ, அங்கே போகிறார்கள். முதல் ஊசி நெடுங்காட்டில் ஒரு கிளினிக்கில், ஸ்கேன் நாகப்பட்டினத்தில், அறுவைச் சிகிச்சை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில், விவகாரம் முற்றினால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில். இப்படிப் பல ஊர்களில் சிதறிய சிகிச்சையெல்லாம், உடல் பழைய நிலைக்குத் திரும்பாது என்று தெரிந்த பிறகு, ஊனச் சான்றிதழ் என்ற ஒரே காகிதத்தில் வந்து சேர வேண்டியிருக்கிறது.

அந்தக் காகிதத்துக்கு ஆதாரம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த ஊன வகைகள் இதில் 21 ஆயின. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கே வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு முதலான முக்கியச் சலுகைகள் கிடைக்கும். சதவீதத்தை நிர்ணயித்துச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் அரசாங்கம் நியமித்த மருத்துவ அதிகாரிகளுக்கே உண்டு. ஆகையால், "டாக்டர், நீங்களே ஒரு சர்டிபிகேட் போட்டுக் கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்கிற தாயாரிடம், "நான் போட்டால் செல்லாதம்மா" என்று தெரு முனைக் கிளினிக்கின் வைத்தியர் சொல்வது உண்மைதான். ஆனால் அத்துடன் அவருடைய கடமை தீர்ந்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சான்றிதழ் வழங்கும் மருத்துவ போர்டில் இருப்பவர்கள் நோயாளியைச் சில நிமிஷங்கள் பார்க்கிறார்கள்; கிளினிக் வைத்தியரோ வருஷக்கணக்கில் பார்த்தவர்.

விசைப்படகின் விஞ்சில் கை சிக்கிக்கொண்ட ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஓ.பி. சீட்டில் "வலது கை பலவீனம், வேலை செய்ய இயலவில்லை, உதவி செய்யவும்" என்று இரக்கத்தோடு எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிடலாம். அதனால் காலணாப் பிரயோஜனமில்லை. கையின் ஊனத்தை மதிப்பிடுகிறவர்கள் பொருளைப் பற்றும் திறன், தொடு உணர்ச்சி, பிடியின் வலிமை ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்துக் கூட்டுகிறார்கள். கட்டை விரல் மற்ற விரல் நுனிகளைத் தொடுகிறதா, மணிக்கட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசையின் வலு 0 முதல் 5 வரையிலான அளவில் எங்கே நிற்கிறது, ஆறு மாதங்களுக்கு முன் எங்கே நின்றது என்று தேதியிட்டு எழுதிய நான்கு வரி, இரக்கம் ததும்பும் ஒரு பக்கத்தைவிட அந்த மனிதனுக்கு அதிக உபகாரம் செய்யும். காது விஷயமும் அப்படியே: "சரியாகக் கேட்பதில்லை" என்பதற்கு மதிப்பில்லை, இரு காதுகளிலும் இழப்பு 60 டெசிபலை எட்டினால்தான் சட்டத்தின் வரையறைக்குள் வரும் என்பதால், செவித்திறன் சோதனையின் வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சில்லறை விஷயம். மஞ்சள் பையில் மடித்துத் திணித்துக் கொண்டுவரப்படும் பழைய ரிப்போர்ட்டுகளில் பல, சூட்டில் எழுத்துப் பதியும் வழுவழுப்பான தாளில் அச்சானவை; நம்மூர் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இரண்டொரு வருஷத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைக்கும்படி ஒரு வார்த்தை சொல்ல எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

கிளினிக் செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. சதவீதத்துக்கு வாக்குக் கொடுப்பது. கால் 45, கண் 30, ஆக 75 என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போர்டுக்குப் போகிறவர் ஏமாறுவார். இரண்டாவது ஊனத்தை முழுதாகக் கூட்டுவதில்லை. 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்துக் கிடைப்பதைத்தான் பெரிய எண்ணோடு சேர்க்கிறார்கள். இந்த உதாரணத்தில் வருவது 60. பொய்யாக உயர்த்திச் சலுகை பெற்றால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

சிகிச்சை எந்த ஊரில் நடந்திருந்தாலும் விண்ணப்பத்தைக் குடியிருக்கும் மாவட்டத்து மருத்துவ அதிகாரிக்கே கொடுக்கலாம் என்பதால், திருமலைராயன்பட்டினத்துக்காரர் தஞ்சாவூர் டிஸ்சார்ஜ் சம்மரியோடு காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையின் படியேறத் தயங்க வேண்டியதில்லை. அங்கே பெறும் சான்றிதழ் தேசம் முழுவதும் செல்லும். நிலைமை மாறக்கூடியது என்று கருதினால் காலவரை குறித்துத் தருவார்கள். அந்தக் காலம் முடியும்போது இடையில் நடந்த சிகிச்சையின் குறிப்புகள் தேவைப்படும். தீர்மானம் திருப்தியில்லையென்றால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த 90 நாட்களில் நோயாளி மறுபடியும் வந்து நிற்பது கிளினிக் வாசலில்தான். பழைய நோட்டைப் புரட்டி, எந்தத் தேதியில் என்ன அளவு என்று நகலெடுத்துக் கொடுக்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.