உஷார்! கிட்டாரில் சுருதி நிற்கவில்லையா? திருப்புளியைக் கீழே வையுங்கள்

ட்ரெமோலோ வைத்த எலெக்ட்ரிக் கிட்டாரா உங்களுடையது? வாமி பாரை ஒரு அமுக்கு அமுக்கி விட்டதும் சுருதி கலைந்துவிடுகிறதா? அவசரப்பட்டுப் புது ட்யூனர் வாங்காதீர்கள். கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளத்தில் அரத்தை வைக்காதீர்கள். பிரிட்ஜ் ஸ்க்ரூக்களை முறுக்காதீர்கள். சுருதி கலைவதால் கிட்டாருக்கு ஒரு சேதமும் இல்லை. பதறிப்போய்ச் செய்யும் வைத்தியத்தில்தான் சேதம். அதில் சில, திரும்பச் சரிசெய்ய முடியாதவை.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 1954-ல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வந்த அமைப்புதான் இன்றும் பல கிட்டார்களில் இருக்கிறது. முன்பக்கம் ஆறு கம்பிகள் பிரிட்ஜை இழுக்கின்றன. முதுகுப்புறக் குழிக்குள் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் தராசுத் தட்டுகள் மாதிரி சமமாக நின்றால்தான் சுருதி நிற்கும். 9-42 தடிமனுள்ள கம்பி செட்டின் மொத்த இழுவை சுமார் 38 கிலோ. 10-46 செட்டில் அது சுமார் 46 கிலோ. ‘கொஞ்சம் தடிமனாகப் போடலாமே’ என்று செட்டை மாற்றினால் கிட்டத்தட்ட 8 கிலோ கூடிவிடும். ஸ்பிரிங்கைக் கவனிக்காமல் விட்டால் பிரிட்ஜ் முன்னால் சாயும். பிறகு எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்று இறங்கும்.

கை வைக்குமுன் சோதியுங்கள்

சுருதி சேர்த்து, பாரைக் கீழே அமுக்கி, மெதுவாக விட்டு, சுருதி காட்டும் கருவியில் ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள்.

ஓரிரு கம்பிகளின் சுருதி ஏறி நின்றால், பெரும்பாலும் அவை நட் பள்ளத்திலோ, தலைப்பகுதியில் கம்பியை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயிலோ சிக்குகின்றன. சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம், நட்தான்.

சுருதி இறங்கி நின்றால் ட்யூனர் தண்டில் சுற்றிய கம்பி நழுவுகிறது, அல்லது புதுக் கம்பி இன்னும் இழுபட்டு முடியவில்லை.

ஆறும் சேர்ந்தாற்போல் ஏறினாலோ இறங்கினாலோ, பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அது சாயும் விளிம்பையும் ஸ்பிரிங்குகளையும் பாருங்கள்.

இவற்றைச் செய்யவே செய்யாதீர்கள்

கம்பிகள் இறுக்கமாக இருக்கும்போது, இரண்டு தூண்களில் நிற்கும் பிரிட்ஜின் உயரத்தைத் திருகாதீர்கள். பிரிட்ஜ் கத்தி முனை போன்ற மெல்லிய விளிம்பில்தான் சாய்ந்து திரும்புகிறது. அழுத்தத்தோடு தூணைத் திருப்பினால் அந்த விளிம்பு மழுங்கும். மழுங்கினால் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பாது. கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள்.

ஆறு ஸ்க்ரூ உள்ள பழைய பாணிப் பிரிட்ஜில் அவற்றை அடிவரை இறுக்காதீர்கள். தகடு சாய இடம் வேண்டும்.

நட் பள்ளத்தில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீர்கள். தூசியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும், மரத்திலும் இறங்கும்.

ஃப்ளாய்ட் ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜில் ஆறு கம்பிகளையும் ஒரே சமயத்தில் கழற்றாதீர்கள். எதிர் இழுவை இல்லாமல் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைக் குழிக்குள் இழுத்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அல்லது பிரிட்ஜுக்கு அடியில் துணி சுற்றிய மரத்துண்டைச் செருகிவிட்டுக் கழற்றுங்கள். இதில் நட்டின் பூட்டுகளையும் பிரிட்ஜின் கம்பிப் பூட்டுகளையும் அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும்.

கண் பத்திரம். இறுக்கமான கம்பியை அப்படியே வெட்டினால் முனை முகத்தில் தெறிக்கும். தளர்த்திவிட்டு வெட்டுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சரியான வரிசை

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். துருப்பிடித்த பழைய கம்பிகளை மாற்றுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களின் காற்றிலும் வியர்வையிலும் கம்பி சீக்கிரம் துருவேறும். சாதாரண ட்யூனரில் இரண்டு மூன்று சுற்று போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். புதுக் கம்பியை விரலால் மெதுவாக இழுத்து, சுருதி சேர்த்து, மீண்டும் இழுங்கள். இறங்குவது நிற்கும்வரை இதைத் தொடருங்கள்.

அடுத்து நட். கம்பியைத் தூக்கிவிட்டு, கூர் சீவிய பென்சிலால் பள்ளத்தில் கோடு கிழியுங்கள். பென்சிலின் கிராஃபைட் கம்பியை வழுக்கிச் செல்ல விடும். ஸ்ட்ரிங் ட்ரீயின் அடியிலும் அதையே செய்யுங்கள்.

அதற்கும் பிறகுதான் ஸ்பிரிங். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகுப்புறக் குழிக்குள் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் ஒரே அளவில் கால் திருப்பு திருப்புங்கள். பிரிட்ஜ் முன்னால் சாய்ந்திருந்தால் இறுக்க வேண்டும், பின்னால் அமுங்கியிருந்தால் தளர்த்த வேண்டும். மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். மிதக்கும்படி வைப்பதானால் ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் தகட்டுக்கும் உடலுக்கும் இடையே, பின்பக்கம் சுமார் 3.2 மில்லிமீட்டர் இடைவெளி என்பது ஃபெண்டர் சொல்லும் அளவு.

பாரை மேலே இழுக்கும் வழக்கமே இல்லையா? பிரிட்ஜை உடலோடு ஒட்டி உட்காரும்படி ஸ்பிரிங்கை இறுக்கிவிடுங்கள். கீழே அமுக்க முடியும். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை அவ்வளவாகக் கலையாது.

இத்தனையும் செய்தும் ‘டிங்’ சத்தம் தொடர்கிறதா? பள்ளத்தை ராவித்தான் ஆக வேண்டும். அது ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனித்தனி அரம் வைத்திருக்கும் கைதேர்ந்தவர் வேலை. நூலளவு கூடுதலாக ராவினால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். அப்புறம் நட்டையே மாற்ற வேண்டியதுதான்.