புருவம் உயர்ந்தால் ‘ஆம்’, மூக்கு சுருங்கினால் ‘இல்லை’: இனுயிட் நோயாளிகளோடு சேர்ந்து முடிவெடுக்க டாக்டர்களுக்கு ஏன் பயிற்சி?

கனடா தலைநகர் ஒட்டாவாவில் ஒரு மருத்துவமனை அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “இந்தச் சிகிச்சைக்குச் சம்மதமா?” என்று கேட்கிறார். எதிரே இருக்கும் இனுயிட் பெண் லேசாக மூக்கைச் சுருக்குகிறார். மறுப்பு எதுவும் காதில் விழவில்லையே, அப்போ ஓகேதான் என்று டாக்டர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

காட்சி கற்பனைதான். ஆனால் அந்தப் பெண் பதில் சொல்லிவிட்டார். இனுயிட் மக்களிடம் புருவத்தை உயர்த்துவது ‘ஆம்’, மூக்கைச் சுருக்குவது ‘இல்லை’. கவனிக்காதது டாக்டரின் தவறு.

இவர்கள் யார்?

கனடாவின் ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகள். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 70,500 பேர். நுனாவுட் பிரதேசத்தின் 25 ஊர்களை இணைக்கச் சாலையே கிடையாது, விமானம்தான். உள்ளூரில் பெரும்பாலும் நர்ஸ்கள் நடத்தும் சிறிய சுகாதார மையம் இருக்கும். புற்றுநோய் என்றால் பாஃபின் பகுதி மக்கள் சுமார் 2,000 கி.மீ. பறந்து ஒட்டாவா போக வேண்டும்.

சேர்ந்து முடிவெடுப்பது என்றால்?

கையெழுத்து வாங்குவது அல்ல. எந்தச் சிகிச்சையில் என்ன பலன், என்ன ஆபத்து என்பது டாக்டருக்குத் தெரியும். தன் வாழ்க்கையில் எது முக்கியம் என்பது நோயாளிக்குத்தான் தெரியும். இரண்டையும் மேஜையில் வைத்துப் பேசி முடிவுக்கு வருவதுதான் இது. வாரக்கணக்கில் பிள்ளைகளையும், தாய்மொழியான இனுக்டிடூட்டையும், பழகிய சாப்பாட்டையும் விட்டுவிட்டு நகரத்தில் தங்குவதும் சிகிச்சையின் ‘விலை’தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அது வராது.

ஏன் இவ்வளவு கவனம்?

வரலாறு அப்படி. 1950-களில் காசநோய் பரவியபோது, அரசு கப்பலில் வந்து எக்ஸ்ரே எடுத்து, நோய் தெரிந்தவர்களைத் தெற்கே இருந்த மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். 1956 வாக்கில் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் அப்படித் தெற்கே இருந்தார். பலர் திரும்பவே இல்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. 2019 மார்ச் 8 அன்று அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இகாலுயிட் நகரில் மன்னிப்புக் கேட்டார். தாத்தா, பாட்டிக்கு நடந்தது இது. ‘விமானத்தில் ஏறுங்க’ என்பது பேரப்பிள்ளைக்குச் சாதாரண வாக்கியமாகக் கேட்குமா?

பயிற்சியில் என்ன கற்க வேண்டும்?

2015-இல் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 பரிந்துரைகள் வைத்தது. எல்லா மருத்துவப் பணியாளர்களுக்கும் பண்பாட்டுப் பயிற்சி தர வேண்டும் என்பது அதில் 23-ஆவது. ஆனால் பண்பாட்டைத் தெரிந்துகொள்வது பாதி வேலைதான். மீதி, கேட்கும் பழக்கம். கனடா ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு சின்ன டெஸ்டில் நோயாளியிடம் கேட்க நான்கே கேள்விகள்:

1. உங்களுக்கு எது சரி என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா?
2. ஒவ்வொரு வழியின் பலனும் ஆபத்தும் தெரியுமா?
3. அவற்றில் உங்களுக்கு எது முக்கியம் என்பதில் தெளிவு இருக்கிறதா?
4. முடிவெடுக்கப் போதுமான ஆலோசனையும் துணையும் இருக்கிறதா?

ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும் நிறுத்திப் பேச வேண்டும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாத பொறுமையும் வேண்டும். பேசி ஒருமித்து முடிவெடுப்பதற்கு இனுயிட் மரபில் ‘ஆஜீகதிகீங்னிக்’ என்றே ஒரு சொல் உண்டு. இனுயிட் மக்களோடு சேர்ந்து ஒட்டாவாவில் உருவான புற்றுநோய் சிகிச்சைத் திட்டத்தின் பெயருக்கும் ‘தனியாக முடிவெடுப்பதில்லை’ என்பதுதான் பொருள்.

இது போதுமா?

போதாது. ‘இனுயிட் மக்கள் இப்படித்தான்’ என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தால் அது இன்னொரு முத்திரையாகிவிடும். ஒட்டாவாவில் வளர்ந்த இளைஞரும் சின்ன ஊரில் வாழும் பாட்டியும் ஒன்றல்ல. ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊரில் சிகிச்சை வசதியே இல்லையென்றால், தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்ற கேள்வியும் நிற்கிறது. அதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது, பட்ஜெட்டால்தான் முடியும்.

அந்த நான்கு கேள்விகள் மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.