எல்லைக் காவலரின் பட்டம்

வரலாற்றுப் பாடங்களில் காரன்வாலிஸ் பிரபு, வெல்லெஸ்லி பிரபு, டல்ஹௌசி பிரபு என்னும் பெயர்களைப் படித்திருப்பீர்கள். 'லார்டு' என்பதையே தமிழில் 'பிரபு' என வழங்குகிறோம். அது தனியொரு பட்டத்தின் பெயரன்று; பல பட்டங்களுக்கு உரியவர்களை அழைக்கும் பொதுச்சொல். இம்மூவரும் பெற்ற உயர்ந்த பட்டம் 'மார்க்குவிஸ்' என்பதாகும்.

பிரிட்டனின் உயர்குடிப் பட்டங்கள் ஐந்து படிநிலைகளை உடையவை. மேலிருந்து கீழாக அவை டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்பனவாகும். இவற்றுள் மார்க்குவிஸ் இரண்டாம் நிலையைச் சார்ந்தது.

பழைய ஜெர்மானிய மொழிகளில் 'மார்க்' என்னும் சொல் எல்லைப்புறத்தைக் குறித்தது. சார்லமேன் போன்ற பிராங்கிய அரசர்களின் ஆட்சியில் உள்நாட்டுப் பகுதிகளைக் 'கவுண்ட்' எனப்பட்டோர் நிருவகித்தனர். எல்லைப்புறத்திலோ பகைவர் எந்நேரமும் படையெடுத்து வரக்கூடும். அரசரின் ஆணை வரும்வரை காத்திருக்க இயலாது. ஆகவே, எல்லைக் காவலருக்கு மிகுதியான படையும் அதிகாரமும் அளிக்கப்பட்டன. அவர்களது மதிப்பும் கவுண்டுகளின் மதிப்பைவிட உயர்ந்தது. ஜெர்மனியில் 'மார்க்கிராஃப்' என்றும் பிரான்சில் 'மார்க்கி' என்றும் இப்பட்டம் வழங்கிற்று.

இங்கிலாந்திற்கு இப்பட்டம் காலந்தாழ்ந்தே வந்தது. 1385இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் ராபர்ட் டி வேர் என்பவரை டப்ளின் மார்க்குவிஸ் ஆக்கினார். பின்னர் டார்செட் மார்க்குவிஸ் ஆன ஜான் பியூஃபோர்ட் 1399இல் அப்பட்டத்தை இழந்தார். 1402இல் அதனை அவருக்குத் திரும்ப அளிக்குமாறு நாடாளுமன்ற மக்களவையினர் வேண்டினர். ஆயினும், அப்பெயர் இங்கிலாந்திற்குப் பழக்கமற்றது எனக் கூறி அவரே மறுத்துவிட்டார். நாளடைவில் எல்லை காக்கும் கடமை மறைந்து, அரசர் வழங்கும் சிறப்பாக மட்டுமே இப்பட்டம் நிலைத்தது.

முற்கூறிய மூவரும் ஏர்ல் நிலையிலிருந்து மார்க்குவிஸ் நிலைக்கு உயர்த்தப்பட்டவர்களே. திப்பு சுல்தானுடன் நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792இல் காரன்வாலிஸ் அதனைப் பெற்றார். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்ட 1799இல் வெல்லெஸ்லியும், பஞ்சாப் இணைக்கப்பட்ட 1849இல் டல்ஹௌசியும் பெற்றனர். தம் நாட்டு எல்லையைக் காத்தவரைக் குறித்த ஒரு பெயர், பிறர் நாட்டை வென்று கம்பெனி ஆட்சியின் எல்லையை விரித்தவர்களுக்குப் பரிசாயிற்று. 'பிரபு' என்று நாம் எளிதாகப் படித்துச் செல்லும் சொல்லின் பின்னே இவ்வரலாறு மறைந்துள்ளது.

சொற்பொருள்
உயர்குடி – அரசரிடம் பட்டமும் சிறப்பும் பெற்ற குடி
படிநிலை – மேல், கீழ் என அமைந்த வரிசை
மாண்ட – இறந்த

வினாக்கள்
1. 'மார்க்' என்னும் சொல்லின் பொருள் யாது?
2. எல்லைக் காவலரின் மதிப்பு கவுண்டுகளின் மதிப்பைவிட உயர்ந்தது ஏன்?
3. ஜான் பியூஃபோர்ட் பட்டத்தை மறுத்ததற்குக் கூறிய காரணம் யாது?
4. பட்டத்தின் முதற்பொருளுக்கும், இந்தியாவில் ஆண்ட மூவருக்கு அது வழங்கப்பட்ட சூழலுக்கும் உள்ள முரண்பாட்டை விளக்கி எழுதுக.