மீட்டரிலிருந்து வீட்டுக்குள்

சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் 1902-ல் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போயிற்று; 1905-ல் பெங்களூர்த் தெருவிளக்குகளை எரித்தது. அவ்வளவு தூரம் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்த ஊரில், கேட்டருகே உள்ள மீட்டரிலிருந்து வீடு வரையிலான 15 மீட்டரில்தான் நாம் கோட்டை விடுகிறோம். நானும் விட்டவன்தான்.

மீட்டர் வெளியே இருப்பது கணக்கெடுக்க வருபவருக்கு வசதி. ஆனால் மீட்டரைத் தாண்டிய வயர் நம் பொறுப்பு. அதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். வீடு கட்டும்போது செலவைக் குறைக்க, சாதாரண வயர்களை பி.வி.சி. குழாயில் நுழைத்துத் தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைக்கச் சம்மதித்தேன். சில வருடங்கள் கழித்து, கறிவேப்பிலைக் கன்று நடக் குழி தோண்டிய தோட்டக்காரரின் கடப்பாரை குழாயைக் குத்திவிட்டது. மனிதர் இரண்டடி தள்ளி விழுந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தார்.

அன்று ஃபியூஸ் போகவில்லை. வீட்டுக்குள் நான் பெருமையாக மாட்டியிருந்த ஆர்.சி.சி.பி.யும் அசையவில்லை. யோசித்தால் இதில் வியப்பில்லை. கடப்பாரை பேஸ் கம்பியை மட்டும் தொட்டது. மின்சாரம் பூமிக்குப் போக அவர் உடம்பைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சொற்ப ஓட்டத்துக்கு ஃபியூஸ் உருகாது. ஆர்.சி.சி.பி.யோ தனக்குப் பின்னால் வரும் வயரைத்தான் காவல் காக்கும். கசிவு நடந்ததோ அதற்கு முன்னால்.

ஆர்மர்ட் கேபிளின் அருமை இங்கேதான். அதன் இரும்புக் கம்பிச் சுற்று வெறும் கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அதை கிளாண்ட் வைத்து முறையாக எர்த் செய்திருந்தால், உள்ளே இறங்கும் கடப்பாரை முதலில் அதைத் தொட்டு, பிறகே பேஸைத் தொடும். உடனே பெரிய ஷார்ட் ஏற்பட்டு, மீட்டர் பக்கத்து எம்.சி.பி. நொடியில் விழுந்துவிடும். எர்த் செய்யாத ஆர்மர் இந்த வேலைக்கு உதவாது. எம்.சி.பி.யும் மீட்டரை ஒட்டியே, இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும் டபுள் போல் வகையாக இருக்கட்டும்.

கேபிளின் பருமனிலும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு கெய்சர், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் சேர்ந்து ஓடினால் 25 ஆம்பியர் ஆகிவிடும். 15 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போட்டால், போகவர அதிலேயே சுமார் 140 வாட் சூடாகப் போகும். 6 சதுர மில்லிமீட்டரில் அது 60 வாட்டுக்குள் அடங்கும். 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியமும் ஏறக்குறைய இதற்குச் சமம். ஆனால் அலுமினியத்தையும் தாமிரத்தையும் நேராக முறுக்கிச் சேர்க்காதீர்கள். நாளடைவில் இணைப்பு தளர்ந்து கருகும்.

ஆழம் முக்கால் மீட்டர். கீழே மணல், மேலே மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல். செங்கல் கேபிளைத் தாங்குவதற்கல்ல, தோண்டுகிறவரை நிறுத்துவதற்கு. சுவரில் நுழையும் குழாயின் வெளி முனை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் அக்டோபர் மழை நேராக மெயின் போர்டுக்கே வந்துவிடும். வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடமே கொடுங்கள். மூடுவதற்கு முன் நீங்களும் ஒருமுறை குழியை எட்டிப் பாருங்கள்.

ரயில்வேயில் கேபிள் போகும் வழியெல்லாம் அடையாளக் கல் நட்டவன் நான். சொந்த வீட்டில் ஒரு கல் நடத் தோன்றவில்லை. கேபிளை மாற்றியபோது மூன்று கல் நட்டேன். காம்பவுண்டுச் சுவரிலிருந்து எத்தனை அடியில் கேபிள் போகிறது என்று ஒரு படமும் வரைந்து மெயின் போர்டுக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். தமிழில் எழுதியதைத் தோட்டக்காரருக்காக என் பேத்தி கன்னடத்திலும் எழுதிக் கொடுத்தாள்.