பாற்பல்லும் தேயிலைக் கொழுந்தும்: என்பு மீள்வளர்ச்சி ஆராய்ச்சி பற்றிய ஒரு நோக்கு

குழந்தையின் பாற்பல் விழுந்தால் அதனைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கும் வழக்கம் இலங்கையிற் பரவலாக உண்டு. பதுளை, பசறை, மடுல்சீமைத் தோட்டங்களின் லயத்துத் தகரக் கூரைகளும் அத்தகைய பற்களைக் கண்டவையே. 2003 ஆம் ஆண்டில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிற் பணியாற்றிய சொங்தாவோ ஷி என்னும் பல் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும், இவ்வாறு விழும் பாற்பல்லின் உள்ளே உயிருள்ள மூலக்கலங்கள் எஞ்சியிருப்பதை வெளியிட்டனர். தம் மகளின் பல் விழுந்தபோது அதனுள் செந்நிற இழையம் ஒட்டியிருந்ததைக் கண்டே அவர் அவ்வாராய்ச்சியிற் புகுந்தார் என்பர். நம் கூரைக்குப் போன பல் அங்கே ஆய்வுகூடத்துக்குப் போயிற்று.

உடலின் பெரும்பாலான கலங்கள் ஒரு தொழிலை ஏற்று முதிர்ந்தவை. தோற்கலம் தோலாகவே இருந்து மடியும். நரம்புக்கலம் நரம்பாகவே நிற்கும். ஒரு சில கலங்கள் மட்டும் எத்தொழிலையும் முற்றாக ஏற்காது, பெருகும் ஆற்றலையும், தேவை நேருமிடத்து ஒரு தொழிலைத் தழுவும் ஆற்றலையும் ஒருங்கே வைத்திருக்கின்றன. இவற்றை நாம் மூலக்கலங்கள் என்கிறோம். தமிழகத்தார் குருத்தணு என்பர். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மொட்டைக் கிளையில் மீளத் துளிர்க்கும் அரும்பை நினைத்துக்கொண்டால் கருத்து விளங்கும். 2000 ஆம் ஆண்டில் குரொந்தோசு, ஷி முதலானோர் பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் பற்கூழிலிருந்து இத்தகைய கலங்களைப் பிரித்தெடுத்தனர். 2004 இல், பல்வேரைத் தாடை என்போடு பிணைக்கும் நாரிழையத்திலும் அவை இருப்பது கண்டறியப்பட்டது. எறியப்படும் பொருளிலிருந்தே மருந்துக்கான மூலப்பொருள் கிடைக்கிறது என்பதால் உலகெங்கும் ஆய்வாளர் கவனம் பல்லின்பாற் சென்றது.

இவ்வாராய்ச்சியைப் பற்றி மலைநாட்டவராகிய நாம் ஏன் எழுதவேண்டும்? விடை பல் மருத்துவப் பாடநூல்களிலேயே உள்ளது. முரசு நோயின் இயல்பான போக்கைப் பற்றிப் படிக்கும் எந்த நாட்டு மாணவரும் 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' என்னும் தொடரைக் காணாமற் போவதில்லை. நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்பாரும் அவர் குழுவினரும் 1970 இல் இலங்கை மலைநாட்டின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தனர். அவர்களைத் தொடர்ந்து அவதானித்து, 1985 இல் எஞ்சிய 161 பேரை மீண்டும் கண்டு, 1986 இல் முடிவுகளை வெளியிட்டனர். அத்தோட்டங்கள் ஊவாவைச் சேர்ந்தவையல்ல. மத்திய மலைநாட்டைச் சேர்ந்தவை. ஆயினும் லயமும் சம்பளமும் தோட்ட மருந்தகமும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. அங்கு காணப்பட்டது நமுனுகுலை அடிவாரத்துக்குப் புறம்பானதாக இருந்திருக்க நியாயமில்லை.

அம்முடிவுகள் எண்களாகவே பேசுபவை. அத்தொழிலாளரிடம் பல் துலக்கும் பழக்கம் இருக்கவில்லை. எல்லோர் பற்களிலும் காரை படிந்திருந்தது. ஏறத்தாழ எல்லோர் முரசுகளும் அழன்றிருந்தன. பற்சூத்தையோ மிக அரிது. எனவே அவர்கள் பல் இழந்தது முரசு நோயாலேயே என்று கொள்ள இடமிருந்தது. நோயின் வேகத்தைக் கொண்டு அவர்களை மூவகையினராகப் பிரித்தனர்: 8 வீதத்தினரிடம் நோய் விரைந்து முன்னேறியது, 81 வீதத்தினரிடம் நடுத்தர வேகத்திற் சென்றது, 11 வீதத்தினரிடம் முன்னேறவேயில்லை. விரைந்த வகையினரின் பல்லைத் தாங்கும் பிடிப்பு 35 வயதில் சராசரி 9 மில்லிமீற்றரும், 45 வயதில் 13 மில்லிமீற்றரும் இழக்கப்பட்டிருந்தது. பல்வேரின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். அவர்கள் 35 இல் பன்னிரண்டு பற்களையும், 40 இல் இருபது பற்களையும் இழந்து, 45 இல் வெறும் வாயினராயினர்.

இங்கு ஒன்றைச் சொல்லாமற் செல்ல எம்மால் இயலவில்லை. இதே லோவும் அவர் துணைவரும் 1965 இல் டென்மார்க்கில் ஆரோக்கியமான சிலரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்து, மூன்று கிழமைக்குள் முரசு அழல்வதையும், மீளத் துலக்கியதும் அது தணிவதையும் ஐயமற நிறுவியிருந்தனர். தடுக்கும் வழி தெரிந்தே இருந்தது. மலைநாட்டுத் தொழிலாளர், நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ எவ்வித ஏற்பாடும் எட்டாதவர்கள் என்பதே அவர்களை ஆய்வுக்கு உகந்தவர்களாக்கியது. இதனால் அவ்வாய்வின் அறிவியற் பெறுமதி குறைந்துவிடாது. இன்றும் அது மேற்கோளாகிறது. 2010 இல் முதற் குழுவினருள் 75 பேர் தேடிக் காணப்பட்டு மீளவும் பரிசோதிக்கப்பட்டனர். நாற்பதாண்டு வரலாறு 2017 இல் அச்சேறியது. உலகுக்குப் பாடமான வாய்களுக்கு உலகம் என்ன திருப்பித் தந்தது என்ற கேள்வி மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை.

அவ்வாய்கள் இழந்த பொருள் யாதென நோக்கினால், முதன்மையானது என்பே. பல்லைப் பற்றிநிற்கும் பற்குழி என்பு, அழற்சி நீடிக்கும்போது தன்னையே கரைத்துக்கொள்கிறது. கிருமிகள் அதனை நேரே அரிப்பதில்லை; கிருமிகளை எதிர்க்க எழும் உடலின் சொந்தப் படையே என்பு கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகிறது. கரைப்பு மிகுந்து கட்டுதல் குறைந்தால் என்பு தேயும். தேய்ந்த என்பு தானாக மீள்வதில்லை. அதனை மீள வளர்க்கவே மூலக்கலங்களை நாடுகின்றனர்.

ஆனால் கலத்தைக் குழியில் இட்டால் என்பு வளர்ந்துவிடும் என எண்ணுதல் தவறு. பற்கூழின் கலங்களைச் சுண்டெலியின் தோலுக்கடியிற் பதித்தபோது அவை என்பை அமைக்கவில்லை. பல்லின் உட்படையாகிய தெந்தீனை ஒத்த பொருளை அமைத்தன. பாற்பல்லின் கலங்களோ தாம் நேரடியாக என்புக்கலங்களாக மாறாது, எலியின் சொந்தக் கலங்களை அழைத்து என்பு படியச் செய்தன. பிறந்த வீட்டு வாசனை கலத்துக்கும் உண்டு போலும். ஆகவே அவற்றை என்பின்பால் ஆற்றுப்படுத்தல் வேண்டும். ஆய்வுகூடங்களில் அதற்கென வழங்கும் கலவையில் டெக்சாமெதசோன், உயிர்ச்சத்து சி, பீற்றா கிளிசரோபொசுபேற்று என்பன அடங்கும். இவற்றுள் முதலாவது ஒரு ஸ்ரீரோயிட்டு மருந்து. கண்ணாடித் தட்டில் என்பை வளர்க்கும் அதே மருந்து, நோயாளிக்கு நெடுநாள் கொடுத்தால் என்பைத் தேய்க்கும். என்பு உருவாக்கும் வளர்ச்சிப் புரதங்களோ விலை மிக்கவை. வீக்கம் முதலிய பக்கவிளைவுகளும் உடையவை. எனவேதான் தாவரங்களிலுள்ள சிறு மூலக்கூறுகளைத் தேடலாயினர். மஞ்சளின் குர்க்குமின், திராட்சைத் தோலின் ரெசுவெரற்றோல், வெங்காயத்தின் குவர்செற்றின் எனப் பட்டியல் நீளும். அவற்றுள் நம் கவனத்துக்குரியது தேயிலையின் கற்றெச்சின்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கப்படும் கொழுந்தின் உலர்நிறையிற் காற்பங்களவு பொலிபீனோல்கள் எனலாம். அவற்றுள் மிகுதியாயிருப்பது எப்பிகலோகற்றெச்சின் கலேற்று; சுருக்கமாக இ.ஜி.சி.ஜி. என்பர். நாவில் உறைக்கும் துவர்ப்பு இவ்வகைப் பொருள்களின் செயலே: அவை உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிப் பிணைக்கின்றன. தோல் பதனிடுவோர் துவர்ப்புப் பட்டையால் விலங்கின் தோலை இறுக்குவதும் இதே வினைதான். இப்பிணைக்கும் இயல்பைக்கொண்டு, கலங்களைத் தாங்கும் கொலாசன் சட்டகத்தை உறுதியாக்க இ.ஜி.சி.ஜி.யை ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர்.

கலத்தின்மீது அதன் விளைவு இன்னும் சுவையானது. 2005 இல் தாய்வான் ஆய்வாளர் சுண்டெலி மச்சையின் மூலக்கலங்களுக்குச் சிற்றளவு இ.ஜி.சி.ஜி. இட்டனர். என்பாக்கத்தின் தலைமை ஆளியெனத்தக்க ரண்எக்ஸ்-2 என்னும் பரம்பரையலகின் தொழிற்பாடு உயர்ந்தது. கல்சியப் படிவும் கூடியது. பின்னர் பல்லின் கலங்களிலும் இவ்வகை விளைவுகள் காணப்பட்டன. என்பைக் கரைக்கும் கலங்களின் தோற்றத்தை அது தடுப்பதாகவும், அழற்சியைத் தணிப்பதாகவும் வேறு ஆய்வுகள் காட்டின. கட்டுவோரை ஊக்கி இடிப்போரை அடக்கும் ஒரே பொருள் என்பதுதான் அதன் கவர்ச்சி. அழன்ற முரசிலிருந்து எடுத்த மூலக்கலங்கள் என்பாக்கத்திற் பின்தங்குவதை 2011 இல் சீன ஆய்வாளர் காட்டியிருப்பதால் இது மேலும் முக்கியமாகிறது. படுக்கை எரியும்போது அதில் விதை முளையாது. எரிவை அணைப்பதும் விதையை எழுப்புவதும் ஒருங்கே வேண்டும்.

அப்படியாயின் அன்றாடம் வெறுந்தேத்தண்ணீர் அருந்தும் தோட்ட மக்களின் என்பு உறுதியாயிருக்க வேண்டாமா என வாசகர் வினவலாம். இல்லை, அதற்குக் காரணங்கள் உள. தொழிற்சாலையில் வாடிய கொழுந்து உருளையில் நசிபடும்போது கலங்கள் கிழிந்து, நொதியமும் கற்றெச்சினும் ஒட்சிசனோடு கூடுகின்றன. கற்றெச்சின்கள் தியாபிளேவின், தியாறுபிகின் என்னும் செம்பொருள்களாக மாறுகின்றன. கறுப்புத் தேயிலையின் நிறம் அதுவே, இ.ஜி.சி.ஜி.யின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் விளையும் ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணமும் வேறு பொருள்களால் வருவது. அதற்கும் என்புக்கும் தொடர்பில்லை. கொழுந்தை ஆவியாலோ சூட்டாலோ நொதியம் அழியப் பதப்படுத்தும் பச்சைத் தேயிலையிற் கற்றெச்சின் நிலைக்கும். ஆனால் அதனைக் குடித்தாலும் குருதியிற் சேரும் அளவு சொற்பமே. மிகுதியாய் உட்கொண்டால் கேடும் உண்டு: நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலுமான இ.ஜி.சி.ஜி. குளிசைகள் ஈரலைத் தாக்குவதற்கான அறிகுறிகளை 2018 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை சுட்டிக்காட்டியது. உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச் சத்தின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதும், குருதிச்சோகை மலிந்த தோட்டப் பெண்களிடையே மறக்கத்தக்கதன்று.

ஆய்வுகூடத்திலும் எல்லாம் தெளிவாயில்லை. நடுநிலைக் கரைசலில், உடல் வெப்பத்தில், இ.ஜி.சி.ஜி. சில மணிநேரத்திற் சிதைந்து ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்குகிறது. கலத்திற் கண்ட விளைவு மூலப்பொருளுடையதா, சிதைவினுடையதா? இவ்வினாவை எழுப்பாது வெளிவரும் கட்டுரைகள் பல என்பது எம் கருத்து. அளவு சற்று மீறினால் கலம் மடிகிறது. ஆகவே பொருளைச் சட்டகத்தினுள் அடைத்து, வேண்டிய இடத்தில் மெல்ல மெல்ல விடுவிக்கும் வழிகளைத் தேடுகின்றனர்.

மனிதரிற் செய்த சோதனைகளும் நிதானத்தையே கற்பிக்கின்றன. இவை தேயிலைப் பொருள் கலவாமற் பல்லின் கலங்களை மட்டும் சோதித்தவை. 2009 இல் இத்தாலியின் நேப்பிள்சில், ஞானப்பல் பிடுங்கிய தாடைக் குழிகளில் நோயாளியின் சொந்தப் பற்கூழ்க் கலங்களைக் கொலாசனோடு வைத்தனர். குழி நிரம்பியது, ஆனால் மூன்றாண்டின் பின் நோக்கியபோது, அங்கு இயல்பாயிருக்கும் பஞ்சுபோன்ற என்புக்குப் பதிலாக இறுகிய என்பு அமைந்திருந்தது. 2016 இல் சீனாவின் சியான் நகரில் முரசு நோயாளருக்கு நாரிழையக் கலங்களை என்புத் துகளோடு வைத்தபோது தீங்கு நேரவில்லை. என்புத் துகளை மட்டும் பெற்றவரைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க நன்மையும் விளையவில்லை.

இவ்விடத்திற் பிரண்டையையும் குறிப்பிடுதல் தகும். ஊவாவின் வறண்ட தாழ்நிலமாகிய மொனராகலைப் பக்கத்திற் சிங்கள வைத்தியர் ஹீரஸ்ஸ என வழங்குவதும், வடமொழியில் அஸ்திசம்ஹார எனப்படுவதும் இதுவே. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் முறிந்த என்பில் இதன் விளைவை விலங்குகளில் ஆராய்ந்தனர். மரபு சொன்னதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது, பொய்யாகவும் ஆகிவிடாது. சோதிக்கத் தகுந்தது என்பதற்கு மட்டும் அது சான்று.

ஊவாவில் இதற்கான கூறுகள் சிதறிக் கிடக்கின்றன. பதுளையிலுள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தைக் கற்பிக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை பசறையில் உண்டு. பல் மருத்துவ பீடம் பேராதனையில். கொழுந்திலிருந்து கற்றெச்சினைத் தூய்மையாகப் பிரிப்பதும், பிடுங்கப்பட்டு எரிக்கப்படும் ஞானப்பற்களைக் குளிர்நிலையிற் பேணுவதும் எட்டாத வித்தைகளல்ல.

ஆயினும் வரிசை முக்கியம். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வாயில், பாக்கின் அரெக்கோலின் முரசுக் கலங்களையே நலிவிக்கும். இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் வாய்ப்புற்றுக்கும் அப்பழக்கமே பெருங்காரணம். தாடையை வெட்டியெடுக்க நேர்ந்தவருக்கு என்பு மீள்வளர்ச்சி உண்மையிலேயே பெருவரமாகலாம். ஆனால் அழற்சி தணியாத, பாக்கு நீங்காத வாயில் எக்கலமும் வேரூன்றாது. பல் வைத்தியரைக் காணப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ இறங்கும் தொழிலாளி அன்றைய பேரை, அல்லது அரைப்பேரையேனும், இழந்தே இறங்குகிறார். அவருக்கு முதலிற் கிட்டவேண்டியது காரை நீக்கும் கையும் தூரிகையும். அவை 1965 இலேயே அறியப்பட்டவை.

அதன்பின் ஆய்வாளர் மீண்டும் தோட்டத்துக்கு வரட்டும். இம்முறை அவர் கேட்பது வாயைத் திறப்பதற்கான இணக்கம் மட்டுமாயிராது. பல்லையும், அதன் உள்ளிருக்கும் உயிருள்ள கலத்தையும் கேட்பார். சம்மதப் பத்திரம் எம்மொழியில் இருக்கும், அதிலிருந்து உருவாகும் சிகிச்சை பதுளை வைத்தியசாலையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பவற்றைக் கையொப்பமிடுமுன் நாம் கேட்டறிதல் வேண்டும்.