இணையமும் இளம் பிள்ளைகளும்

அறிவியல் ஈன்ற அருங்கருவிகளுள் ஒன்று இணையம். பாடநூலில் இல்லாத செய்தியையும் தொலைவிலுள்ள உறவினரின் முகத்தையும் அது நொடிப்பொழுதில் நம் கண்முன் கொணர்கிறது. ஆயினும், கதவைத் தாழிட்ட பின்னும் அயலான் வீட்டினுள் நுழைவதற்கு அதுவே வழியாகவும் அமைந்துவிடுகிறது. ஆதலால், பிள்ளைகளைக் காக்க நம் மலேசிய நாட்டில் இயற்றப்பட்டுள்ள சட்டங்களைப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, 2017ஆம் ஆண்டின் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்கள் சட்டம். 18 வயதுக்குக் குறைந்த அனைவரையும் இது காக்கிறது. தீய நோக்கத்துடன் ஒரு பிள்ளையிடம் இனிக்கப் பேசிப் பழகுவதே இச்சட்டப்படி குற்றமாகும். பிள்ளையை நேரில் கண்டிராவிட்டாலும், அவ்வாறு பழகியவனுக்கு 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. இத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாதோர்க்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஊரார் பேச்சுக்கு அஞ்சி மூடி மறைப்பது குடும்ப மானத்தைக் காப்பதாகாது, குற்றவாளியைக் காப்பதாகும்.

இரண்டாவது, 2026 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம். முன்னது தனிமனிதனைத் தண்டிப்பது. இதுவோ சமூக ஊடக நிறுவனங்களைப் பொறுப்பேற்கச் செய்வது. புகார் செய்ய வழி அமைத்தல், சிறுவர்க்குப் பாதுகாப்பு அளித்தல், சிறுவரைச் சீரழிக்கும் படங்களை எவரும் காணாதவாறு தடுத்தல் ஆகியவை அவற்றின் கடமைகள். தவறினால் 1 கோடி ரிங்கிட் வரை தண்டம் உண்டு. மேலும், 16 வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கப் போவதாக 2025 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது.

வேலி எத்துணை வலியதாயினும், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஒருவர் வேண்டும். விடியுமுன் வேலைக்குச் செல்லும் பெற்றோர் நாள் முழுதும் பிள்ளையின் அருகிலிருக்க இயலாது. ஆயினும், மாலையில் அமர்ந்து, "இன்று யாரோடு பேசினாய்?" என்று அன்புடன் கேட்க இயலும். பிள்ளை உண்மை உரைக்கும்போது கைப்பேசியைப் பிடுங்கி ஏசினால், அடுத்த முறை அது வாய் திறவாது. மிரட்டுகிறவனின் வலிமை முழுதும் அந்த மௌனத்திலேதான் இருக்கிறது.

மாணவ மணிகளே! முன்பின் அறியாதவர் படம் கேட்டால் அனுப்பாதீர்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று எவரேனும் எழுதினால், அதனை முதலில் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. 15999 என்னும் அரசாங்க உதவி எண்ணையும் மனத்தில் கொள்ளுங்கள். ஏமாற்றியவன்தான் குற்றவாளி, ஏமாந்த பிள்ளை அன்று.