தாலி கட்டினால் குற்றம் மறையுமா?

பெண்ணைக் கடத்திவரும் செல்வந்தன், மிரட்டிக் கட்டப்படும் தாலி, பூட்டிய அறை, கடைசி அத்தியாயத்தில் காதல். இணையத்தில் வெளியாகும் தமிழ்த் தொடர்கதைகளில் ‘ஆன்டி ஹீரோ கதைகள்’ என்று ஒரு தனி வகையே உருவாகியிருக்கிறது. மேலைநாடுகளில் ‘டார்க் ரொமான்ஸ்’ எனப்படுவதன் தமிழ் வடிவம் இது. முதலாளி - ஊழியர், பாதுகாவலர் - ஆதரவற்ற பெண் என அதிகாரம் ஒருபுறமே குவிந்த உறவுகளும், சமூகம் விலக்கிவைத்த உறவுகளும்தான் இவற்றின் களம்.

இது புதிதல்ல. 1740இல் வெளிவந்த சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமீலா’ நாவலில், பணிப்பெண்ணை அடைத்துவைத்து அடைய முயலும் எஜமானனே இறுதியில் அவளுக்குக் கணவனாகிறான். ‘புதிய பாதை’ (1989) திரைப்படத்தின் நாயகி, தன்னைச் சிதைத்தவனையே தேடிச்சென்று, அவனோடு வாழ்ந்து அவனைத் திருத்துகிறாள்.

இக்கதைகளை விரும்பிப் படிக்கும் பெண்களை ஏளனம் செய்வதில் பொருளில்லை. எல்லா அதிகாரமும் கொண்ட ஆண், கடைசியில் அவள்முன் தலைகுனிகிறான். நிஜத்தில் தீராத கணக்கு கற்பனையில் தீர்கிறது. அச்சமூட்டினால் புத்தகத்தை மூடிவிடவும் முடியும்.

எனவே, எதை எழுதுகிறார்கள் என்பதைவிட எப்படி எழுதுகிறார்கள் என்பதே கேள்வி. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலும் இதே இருளுக்குள்தான் நுழைகிறது. கங்கா, தன் வாழ்வைக் குலைத்தவனைப் பின்னாளில் தேடிக் கண்டடைகிறாள். ஆதரவு தந்த மாமாவின் காமப்பார்வையையும் எதிர்கொள்கிறாள். ஆனால், நாவல் அந்த வன்முறைக்குத் திருமணத்தைப் பரிகாரமாக்கவில்லை. காயத்தைக் காயமாகவே காட்டியது.

பரிகாரம் என்னும் இந்த எண்ணம் கதைகளோடு நின்றுவிடவில்லை என்பதே கவலைக்குரியது. பாலியல் குற்ற வழக்குகளில் திருமணம் போன்ற சமரசங்களை நீதிமன்றங்கள் பரிந்துரைக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பதினெட்டு வயது நிறைந்த மனைவியை அவள் விருப்பமின்றிக் கணவன் புணர்வது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் வரையறையிலும் வன்புணர்வு ஆகாது. தாலி, சட்டத்திலும் ஒரு கேடயமாகவே நீடிக்கிறது.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சமூகத்தைச் சேர்ந்தவர்களே சித்தேரி மலையடிவார வாச்சாத்தி மக்களும். அங்கே 1992 ஜூனில், அரசு அதிகாரத்துடன் நுழைந்தவர்களால் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் வழங்கிய தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2023 ஆகியிருந்தது. கதையில் அதிகாரம் படைத்தவன் மனம் மாறுகிறான். வாச்சாத்தியின் பெண்களோ முப்பத்தோர் ஆண்டுகள் நீதிக்காகப் போராட நேர்ந்தது.

ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில், குடும்பத்தின் முதல் தலைமுறையாக எழுத்தறியும் சிறுமிகள் படிக்கிறார்கள். கைபேசி வழியாக இக்கதைகள் மலைக்கும் எட்டும். தடை இதற்குத் தீர்வாகாது. மறைத்தால் ஆர்வமே கூடும். வயது வரம்பையும் உள்ளடக்க எச்சரிக்கையையும் தளங்கள் தெளிவாக அறிவிக்க வேண்டும். வகுப்பறைகளில் மூன்று கேள்விகளைப் பழக்க வேண்டும்: அவளால் மறுக்க முடிகிறதா? அங்கிருந்து வெளியேற முடிகிறதா? நடந்ததை வன்முறை என்று கதை ஒப்புக்கொள்கிறதா? இவற்றைக் கேட்கப் பழகிய பெண், கதையைக் கதையாகப் படிப்பாள். வாழ்க்கையில் அதே மிரட்டல் எதிர்ப்பட்டால், அதைக் காதல் என்று எண்ணி ஏமாறமாட்டாள்.